மலையில் இருந்தபடியே புற்றுநோய் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி: பப்மெட் வழிகாட்டி

கொடைக்கானலிலோ மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களிலோ இருந்துகொண்டு நர்சிங் ஆய்வேடு எழுதுபவர்கள், சுகாதாரத் திட்டங்களில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து விவரம் தேடுபவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செவிலியர். மலைக் கிராமப் பெண்களுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வது பற்றி ஆய்வேடு எழுதியபோது, கட்டுரைகளை எங்கே, எப்படித் தேடுவது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் ரொம்பத் திண்டாடினேன். மருத்துவ நூலகம் வேண்டுமென்றால் மதுரைக்கு இறங்க வேண்டும். பஸ்ஸில் போய்வரவே ஒரு நாள் ஓடிவிடும். ஆனால் அந்த நூலகத்தில் உட்கார்ந்து செய்யும் தேடலில் பெரும்பகுதியை பூம்பாறையில் இருந்தபடியே, காசு செலவில்லாமல் செய்யலாம். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. பப்மெட்டில் அடிக்கும் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். நான் இங்கே உச்சரிப்பைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆய்வேட்டுக்காகத் தேடுபவர்கள்: கைடு ஒப்புக்கொண்ட தலைப்பு, சினாப்சிஸ் பிரதி, கல்லூரி அடையாள அட்டை, கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி. கல்லூரி மின்னஞ்சல் இல்லாதவர்கள் அலுவலகத்தில் கேட்டு முதலில் அதை வாங்கிவிடுங்கள். முழுக் கட்டுரைகளை இறக்கும்போது அதுதான் உங்கள் சாவி.

குடும்பத்துக்காகத் தேடுபவர்கள்: பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன் அறிக்கை, டாக்டர் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி. அவற்றிலிருந்து மூன்று விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த உறுப்பு, எந்த வகைத் திசு, எந்த ஸ்டேஜ். மார்பகப் புற்றுநோய் என்றால் இஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்று பரிசோதனை முடிவுகளும் வேண்டும். இவை தெரியாமல் "மார்பகப் புற்றுநோய் சிகிச்சை" என்று தேடினால் உங்களுக்குப் பொருந்தாத கட்டுரைகள்தான் மலைபோல் குவியும்.

செலவு பற்றி. பப்மெட் முழுக்க இலவசம். அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. 3 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. தேட, சுருக்கத்தைப் படிக்க, சேமிக்க, கணக்கு தொடங்க, எதற்கும் கட்டணம் கிடையாது. கட்டுரைச் சுருக்கங்கள் வெறும் எழுத்து என்பதால் டேட்டாவும் அதிகம் போகாது. மழைநாளில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறந்துவிடும். பிடிஎஃப் இறக்குவதை மட்டும் நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஒத்திவையுங்கள்.

"லிட்ரேச்சர் சர்ச் செய்து தருகிறோம்" என்று சொல்லி மாணவிகளிடம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் இடங்கள் உண்டு. என்னிடமும் கேட்டார்கள். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் பப்மெட்டின் முதல் இரண்டு பக்க முடிவுகளின் பிரின்ட்தான். எப்படித் தேடினார்கள் என்று வைவாவில் கேட்டால் நம்மால் பதில் சொல்ல முடியாது. தயவுசெய்து அங்கே பணம் கட்டாதீர்கள்.

2. கேள்வியை எழுதிவிட்டுத் தேடுங்கள்

பலரும் அவசரப்படுவது இங்கேதான். தேடல் பெட்டியைத் திறந்து "செர்வைகல்" என்று மட்டும் அடித்தால் கழுத்து எலும்புத் தேய்மானம் பற்றிய கட்டுரைகளும் சேர்ந்து வரும். ஆங்கில மருத்துவத்தில் கழுத்துக்கும் கர்ப்பப்பைவாய்க்கும் அதே சொல்தான்.

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் யார்: கிராமப்புற, பழங்குடிப் பெண்கள். இரண்டாவதில் எந்த நோய்: கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய். மூன்றாவதில் என்ன செய்கிறோம்: அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் பரிசோதனை. இதை வி.ஐ.ஏ. என்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் அதே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதுங்கள். "ரூரல்" என்றால் கூடவே "வில்லேஜ்", "டிரைபல்", "இண்டிஜினஸ்", "ஹில்". நோய்க்கு "கேன்சர்", "கார்சினோமா", "நியோப்ளாஸம்", "டியூமர்". டியூமருக்கு அமெரிக்க எழுத்துக்கூட்டல் ஒன்று, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் ஒன்று, இரண்டையும் எழுதுங்கள்.

இந்தத் தாளுக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். கைடிடம் காட்டி விட்டுப்போன சொல் எதுவும் உண்டா என்று கேளுங்கள். இதைச் சரியாகச் செய்தவர்களுக்கு மிச்ச வேலை பாதியாகக் குறையும்.

3. பப்மெட்டைத் திறப்பதும் கணக்கு தொடங்குவதும்

கூகிளில் பப்மெட் என்று அடித்தால் வரும். உள்ளே போகும் முன் முகவரியைப் பாருங்கள். டாட் ஜிஓவி என்று முடிய வேண்டும். அதே மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு பணம் கேட்கும் தளம் எதிலும் நுழையாதீர்கள்.

தேட மட்டும் வேண்டுமானால் கணக்கு தேவையில்லை. தேடலைச் சேமிக்க வேண்டுமானால் மை என்சிபிஐ என்ற கணக்கு தொடங்குங்கள். கூகிள் கணக்கை வைத்தே நுழையலாம், சில நிமிட வேலை. கணக்கு இல்லாமல் கட்டுரைகளைப் பொறுக்கி "கிளிப்போர்டு" பகுதியில் போட்டால் 8 மணி நேரம் எதுவும் செய்யாமல் விட்டாலே அவை அழிந்துவிடும். ராத்திரி கரண்ட் போய் காலையில் வந்து பார்க்கும்போது எதுவும் இருக்காது. பொறுக்கியதை உடனே கணக்கில் "கலெக்ஷன்ஸ்" என்பதில் போடுங்கள், அல்லது "இமெயில்" பொத்தானை அழுத்தி உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

4. மெஷ் தலைப்பைக் கண்டுபிடியுங்கள்

பப்மெட்டின் பலமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே நோயை ஒருவர் கேன்சர் என்று எழுதுவார், இன்னொருவர் கார்சினோமா என்பார். இப்படி எழுதினாலும் அப்படி எழுதினாலும் அகப்படுவதற்காக ஒவ்வொரு கட்டுரைக்கும் பொதுவான தலைப்புகளை ஒட்டிவைக்கிறார்கள். அவைதான் மெஷ் தலைப்புகள். புற்றுநோய்க்கு அங்கே பொதுச்சொல் "நியோப்ளாஸம்ஸ்". கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு "யூட்டரைன் செர்வைகல் நியோப்ளாஸம்ஸ்". மார்பகத்துக்கு "பிரெஸ்ட் நியோப்ளாஸம்ஸ்", வாய்க்கு "மவுத் நியோப்ளாஸம்ஸ்". பப்மெட் முகப்புப் பக்கத்தின் கீழே "மெஷ் டேட்டாபேஸ்" என்ற இணைப்பு இருக்கும். அதில் சாதாரணச் சொல்லை அடித்தாலே சரியான தலைப்பைக் காட்டிவிடும். பெரிய தலைப்பைப் போட்டால் அதற்குக் கீழே கிளையாக இருக்கும் சின்னத் தலைப்புகளும் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

இதில் மூன்று சிக்கல்கள்.

தலைப்புகளும் காலத்துக்குக் காலம் மாறும். "எர்லி டிடெக்ஷன் ஆஃப் கேன்சர்" என்ற தலைப்பு 2009-ல்தான் சேர்க்கப்பட்டது. அதை மட்டும் போட்டால் அதற்கு முந்தைய நல்ல ஆய்வுகள் தப்பிவிடும். பழையவற்றுக்காக "மாஸ் ஸ்க்ரீனிங்" என்ற தலைப்பையும் சேர்க்க வேண்டும்.

எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு இருக்காது. இப்போதுதான் வெளியானவையும், பப்மெட்டில் இருந்தும் மெட்லைன் தொகுப்பில் (பப்மெட்டுக்குள் மெஷ் தலைப்பு ஒட்டப்படும் பகுதி) சேராத பத்திரிகைகளின் கட்டுரைகளும் தலைப்பே இல்லாமல் இருக்கும். நம் நாட்டின் சிறிய பத்திரிகைகள் பலவும் இந்த இரண்டாவது வகை. அதனால் மெஷ்ஷை மட்டும் நம்பாமல், நீங்கள் தாளில் எழுதிய சொற்களைக் கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் சதுர அடைப்புக்குறி போட்டு உள்ளே டிஐஏபி (tiab) என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்தால் அது நடக்கும்.

மூன்றாவது, சொல்லை மேற்கோள் குறிக்குள் அடைத்தாலோ நட்சத்திரக் குறி போட்டாலோ, பப்மெட் தானாக மெஷ் தலைப்போடு பொருத்திப் பார்ப்பதை நிறுத்திவிடும். அப்படிச் செய்தால் மெஷ் தலைப்பை நீங்களே தனியாகச் சேர்க்க வேண்டும்.

5. ஆண்ட், ஆர், அடைப்புக்குறி

ஒரே கட்டத்தில் இருக்கும் சொற்களுக்கு நடுவில் ஆர். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஆண்ட். இரண்டையும் பெரிய எழுத்தில் அடியுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி அடைப்புக்குறி கட்டாயம். பப்மெட் இடமிருந்து வலமாகத்தான் கணக்குப் போடும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் பொருளே மாறிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே வரியில் அடிக்காமல் "அட்வான்ஸ்டு" பக்கத்துக்குப் போங்கள். முதல் கட்டத்தைத் தனியாகத் தேடுங்கள், இரண்டாவதைத் தனியாக, மூன்றாவதைத் தனியாக. கீழே "ஹிஸ்டரி" பகுதியில் ஒவ்வொன்றும் எண் போட்டு வரிசையாக நிற்கும், எத்தனை முடிவு வந்தது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் # குறி போட்டு, #1 ஆண்ட் #2 ஆண்ட் #3 என்று எண்களைச் சேர்த்தால் போதும். எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்கவும் இதுதான் வசதி. ஒரு வரிக்கு எதிரே பூஜ்யம் என்று இருந்தால் எழுத்துப்பிழை அந்த வரியில்தான்.

புற்றுநோய்க்கென்றே ஒரு வசதியும் உண்டு. தேடலின் கடைசியில் ஆண்ட் போட்டு, கேன்சர் என்று அடித்து, சதுர அடைப்புக்குள் எஸ்பி (sb) என்ற இரண்டு எழுத்தைப் போட்டால், மொத்தக் களஞ்சியத்திலும் புற்றுநோய் சார்ந்த பகுதிக்குள் மட்டும் தேடும். வலி நிவாரணம், ஊட்டச்சத்து மாதிரிப் பொதுவான தலைப்பில் தேடுபவர்களுக்கு இது ரொம்பப் பயன்படும்.

நாட் என்ற சொல்லை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். "ஆண்கள் வேண்டாம்" என்று போட்டால் ஆண் பெண் இருவரையும் சேர்த்துப் பேசும் கட்டுரையும் காணாமல் போகும்.

6. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்

நம் பகுதி ஆய்வுகளைத் தேடும்போது வரும் தொல்லையை வெளி வழிகாட்டிகள் எதுவும் சொல்வதில்லை.

"பழனி" என்று வெறுமனே அடித்துப் பாருங்கள். பழனி என்று பெயர் உள்ள ஆசிரியர்கள் எழுதிய, மலைக்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரைகள் வரும். அதனால் ஊர்ப் பெயருக்குப் பின்னால் டிஐஏபி போட்டே ஆக வேண்டும். மலையின் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். நடுவில் ஏ எழுத்து உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. கொடைக்கானலும் அப்படித்தான். இங்கே ஏரியில் பாதரசம் கலந்தது பற்றி 2006-ல் வெளியான ஆய்வின் தலைப்பில் ஊர்ப் பெயர் இரண்டு கே போட்டு இருக்கிறது. ஒரு கே போட்டால் மட்டும் போதாது. இரண்டு விதத்தையும் ஆர் போட்டுச் சேருங்கள்.

ஊர்ப் பெயரில் எதுவும் வரவில்லையா? மாவட்டப் பெயருக்குப் போங்கள், பிறகு தமிழ்நாடு, பிறகு தென்னிந்தியா. நீலகிரி நண்பர்களுக்கும் இதே முறைதான். நீல்கிரிஸ், நீலகிரி என்று இரண்டையும் போட வேண்டும்.

ஆசிரியர் பெயர் இன்னும் சிக்கல். பப்மெட்டில் குடும்பப் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால் என்பது வழக்கம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே ஆள் ஒரு கட்டுரையில் தன் பெயரை முன்னால் வைத்திருப்பார், இன்னொன்றில் அப்பா பெயர் முன்னால் போயிருக்கும். இரண்டு வரிசையிலும் தேடுங்கள். கண்டுபிடித்த பிறகு, அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரை வைத்து அதே ஆள்தானா என்று உறுதிசெய்யுங்கள்.

7. ஃபில்டரைக் கவனமாகப் போடுங்கள்

இடது பக்கத்தில் ஃபில்டர்கள் இருக்கும். ஆரம்பிப்பவர்களுக்கு என் ஆலோசனை: முதலில் "சிஸ்டமாட்டிக் ரிவ்யூ", "மெட்டா அனாலிசிஸ்" இரண்டையும் டிக் செய்யுங்கள். உங்கள் தலைப்பில் யாராவது ஏற்கெனவே எல்லா ஆய்வுகளையும் தொகுத்திருந்தால் அது முதலில் கையில் கிடைக்கும். அவர்கள் எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினார்கள் என்பதையும் அதிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் தாளில் விட்டுப்போன சொற்கள் அங்கே அகப்படும்.

"ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" ஃபில்டரை ஆய்வேட்டுக்குப் போடாதீர்கள். காசு கேட்கும் கட்டுரை என்பதாலேயே ஒரு முக்கியமான ஆய்வை விட்டுவிட்டால் உங்கள் வேலையே ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். முழுக் கட்டுரை வாங்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

"ஹ்யூமன்ஸ்" ஃபில்டர் மெஷ் தலைப்பை நம்பித்தான் வேலை செய்கிறது. அதைப் போட்டால் தலைப்பு ஒட்டாத புதிய கட்டுரைகள் கழன்றுவிடும். ஆனால் விலங்கு ஆய்வா, மனிதர்களிடம் செய்த ஆய்வா என்பதைப் பார்த்தே ஆக வேண்டும். முள்சீத்தாப் பழம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் செய்தவை. தட்டில் உள்ள செல்லைக் கொல்லும் பொருள் மனித உடம்பிலும் நோயைக் குணமாக்கும் என்று அதிலிருந்து சொல்லவே முடியாது.

இன்னொன்று: பப்மெட்டில் இருக்கிறது என்பதாலேயே ஒரு கட்டுரை சரி என்று ஆகிவிடாது. "ப்ரீபிரின்ட்" என்று குறி இருந்தால் அதை மற்ற நிபுணர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை. "ரிட்ராக்டட்" என்று இருந்தால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதை மேற்கோள் காட்டக் கூடாது.

8. சுருக்கத்தை எப்படிப் படிப்பது: நம் மாவட்டத்து உதாரணம்

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தலைப்பு, ஸ்க்ரீனிங், திண்டுக்கல் என்ற மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். 2007-ல் லான்செட் பத்திரிகையில் சங்கரநாராயணன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வரும். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இருக்கும் மருத்துவமனை இதில் பங்கெடுத்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வு நம் மலையடிவாரத்தில் நடந்தது என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இதன் சுருக்கத்தை வைத்துப் படித்துப் பழகுங்கள். முதலில் யாரிடம் செய்தார்கள்: திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான ஆரோக்கியமான பெண்கள். எப்படிப் பிரித்தார்கள்: 114 தொகுதிகளில் 57-ல் ஒருமுறை வி.ஐ.ஏ. பரிசோதனை, மற்ற 57-ல் வழக்கமான கவனிப்பு. பரிசோதனைப் பிரிவில் 49,311 பெண்கள், ஒப்பீட்டுப் பிரிவில் 30,958 பெண்கள். பரிசோதனையைச் செய்தது யார் என்பதையும் பாருங்கள்: பயிற்சி பெற்ற செவிலியர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய ஆதாரம்.

முடிவு: பரிசோதனைப் பிரிவில் நோய் வருவது 25 சதவீதமும், அந்த நோயால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தது. இதோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் இறப்புக்கு 0.65 என்று ஒரு எண்ணும், அடைப்புக்குள் 0.47 முதல் 0.89 வரை என்று ஒரு வரம்பும் இருக்கும். 0.65 என்பது ஒப்பீட்டுப் பிரிவின் இறப்பு விகிதத்தை 1 என்று வைத்தால் இங்கே 0.65 என்று அர்த்தம். வரம்பு, உண்மையான மதிப்பு எங்கிருந்து எங்கே வரை இருக்கலாம் என்று காட்டுகிறது. அந்த வரம்புக்குள் 1 வந்துவிட்டால் "பலன் உண்டு" என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இங்கே மேல் எல்லையே 0.89. அதனால் பலன் உண்டு என்று எழுதலாம்.

சுருக்கத்தோடு முடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் இதே கட்டுரை உதாரணம். எந்தெந்த ஒன்றியங்களைச் சேர்த்தார்கள், அழைத்தும் பரிசோதனைக்கு வராதவர்கள் யார், நோய் இருப்பதாகத் தெரிந்த பெண்களுக்குச் சிகிச்சை எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் முழுக் கட்டுரையில்தான் இருக்கும். மன்னவனூரிலோ கவுஞ்சியிலோ முகாம் போட நினைப்பவர்களுக்கு வேண்டியது அந்த விவரம்தான்.

ஆங்கிலம் சிரமமாக இருந்தால் போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துச் சுருக்கத்தின் போக்கைப் பிடித்துக்கொள்ளலாம். எண்களையும் "இல்லை" என்று வரும் இடங்களையும் மட்டும் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செயலி அங்கேதான் சறுக்கும்.

9. முழுக் கட்டுரை: பணம் கட்டும் முன் இந்த வரிசையில் முயலுங்கள்

பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போனால் ஒரு கட்டுரைக்கு 30 டாலர், அதற்கும் மேலே கேட்பார்கள். கார்டை எடுக்காதீர்கள்.

அ. வலது பக்கத்தில் "பிஎம்சி" என்று பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முழுக் கட்டுரை இலவசம். ஐசிஎம்ஆர் வெளியிடும் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் போன்றவை எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன.

ஆ. கட்டுரையின் தலைப்பை அப்படியே கூகிள் ஸ்காலரில் போடுங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிவைத்த பிரதி கிடைக்கலாம். அன்பேவால் என்ற இலவச நீட்சியை உலாவியில் சேர்த்துவிட்டால் சட்டப்படி கிடைக்கும் பிரதியைத் தானே தேடிக் காட்டும்.

இ. அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தைக் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 பத்திரிகைகள் இதில் அடங்கும். மாணவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் மாநில அரசுப் பல்கலைக்கழகம்தான். அங்கே படிப்பவர்கள் அடையாள அட்டையோடு நூலகரைப் போய்ப் பாருங்கள். தனியார் நர்சிங் கல்லூரி மாணவிகள் தங்கள் நூலகத்தில் என்ன சந்தா இருக்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்த வழிக்கு வாருங்கள்.

ஈ. ஆசிரியருக்கே எழுதுங்கள். பப்மெட்டில் ஆசிரியர் பெயருக்குக் கீழே நிறுவன விவரத்தை விரித்தால் பல சமயம் மின்னஞ்சல் இருக்கும். நான்கு வரி போதும்: நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்தக் கட்டுரை, எதற்காக. நிறையப் பேர் மனமுவந்து அனுப்புகிறார்கள். பதிலுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். கடைசி நேரத்தில் எழுதினால் பயன் இல்லை.

10. தேடலைப் பதிவு செய்யுங்கள்

எத்திக்ஸ் கமிட்டியும் வைவாவும் கேட்பது இதைத்தான். எந்தத் தேதியில் தேடினீர்கள், என்ன சொற்களை எப்படிச் சேர்த்தீர்கள், எத்தனை முடிவு வந்தது, எத்தனையை எதனால் தள்ளினீர்கள். "அட்வான்ஸ்டு" பக்கத்தின் ஹிஸ்டரியை அப்படியே இறக்கி ஃபைலில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் சரி.

ஒவ்வொரு கட்டுரைக்கும் பிஎம்ஐடி என்று ஒரு எண் உண்டு. நோட்டில் தலைப்பை முழுதாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த எண்ணைக் குறித்தால் போதும். தேடல் பெட்டியில் அடித்தால் அந்தக் கட்டுரை மட்டும் வரும். மேற்கோள் பட்டியலுக்கு ஜோட்டேரோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். கையால் அடித்த மேற்கோள் பட்டியலில் கடைசி வாரம் காற்புள்ளி திருத்திக்கொண்டிருப்பது தேவையில்லாத வேலை.

கணக்கில் "கிரியேட் அலெர்ட்" கொடுத்தால் புதிய கட்டுரை வரும்போது மின்னஞ்சல் வரும். வாரம் ஒருமுறை என்று வையுங்கள். தினமும் என்று வைத்தால் ஒரு கட்டத்தில் பார்க்கவே மாட்டீர்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாதத்தில் அதே தேடலை மறுபடி ஓட்டி, புதிதாக வந்ததைச் சேர்த்து, இரண்டாவது தேதியையும் எழுதுங்கள்.

11. வீட்டில் ஒருவருக்காகத் தேடுகிறீர்களா?

உங்களுக்கு வரிசை வேறு. பப்மெட்டில் ஆரம்பிக்காதீர்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பிடிக்யூ என்ற தொகுப்பில் ஒவ்வொரு புற்றுநோய்க்கும் நோயாளிகளுக்கென்று எளிய ஆங்கிலத்தில் ஒன்றும், டாக்டர்களுக்கென்று ஒன்றும் இருக்கிறது. இலவசம்தான். முதலாவதைப் படித்துவிட்டு, புரியாத ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு மட்டும் பப்மெட்டுக்கு வாருங்கள்.

இத்தனை சதவீதம் பேர் ஐந்து வருடம் வாழ்ந்தார்கள் என்று ஒரு எண் கண்ணில் படும். அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் அம்மாவைப் பற்றியது இல்லை. எந்த வருடம் சிகிச்சை பெற்றவர்கள், எந்த ஸ்டேஜ் என்று பார்க்காமல் அந்த எண்ணை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். எதையாவது படித்துவிட்டு மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது.

டாக்டரிடம் கேட்க நினைத்தால் ஒரே ஒரு கட்டுரையின் சுருக்கத்தை பிரின்ட் எடுத்து, பிஎம்ஐடி எண்ணை மேலே எழுதி, உங்கள் கேள்வியை ஒரே வரியில் கீழே எழுதிக் கொண்டுபோங்கள். ஓபியில் கூட்டம் நிற்கும்போது பத்துக் கட்டுரையை நீட்டினால் அவரால் எதையும் பார்க்க முடியாது.

புதிய சிகிச்சை ஆய்வில் சேர முடியுமா என்று தெரிய வேண்டுமானால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ தளத்தில் தேடுங்கள். அதிலும் தேடக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பதிவிலும் ஆய்வு நடக்கும் மருத்துவமனைகள், யாரைச் சேர்ப்பார்கள் என்ற விதிகள், பொதுமக்கள் கேட்பதற்கான தொடர்பு எண் எல்லாம் இருக்கும். ஆட்களைச் சேர்ப்பது இன்னும் திறந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், அப்புறம் மதுரை, சென்னை, வேலூர் என்று எந்த ஊர் என்பதைப் பாருங்கள். ஆய்வில் சேரவே பணம் கட்டச் சொன்னால் சந்தேகப்படுங்கள். போன் செய்யும்போது பயாப்ஸி அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; திசு வகையையும் ஸ்டேஜையும்தான் முதலில் கேட்பார்கள்.